மலையூரில் ஒரு சுண்டல்காரர்

அந்தத் தொடர்கதை முடிந்த வாரம் நான் மூன்று நாள் அழுதேன். சும்மா கண்ணைக் கசக்கிக்கொண்டு அல்ல. சோற்றுத் தட்டின் முன்னால், கணக்கு வகுப்பில், குழாயடியில் என்று இடம் பொருள் பார்க்காமல் அழுதேன். எனக்குப் பதினாறு வயது. எழுபதுகளின் ஆரம்பம். ஆவடியை ஒட்டிய சேக்காட்டில், தொழிற்சாலை ஆட்கள் குடியிருந்த ஆறு வீட்டு வரிசையில் எங்களுடையது மூன்றாவது. ஒரு வீட்டில் அப்பளம் பொரித்தால் ஆறு வீட்டுக்கும் தெரியும். நான் அழுதது மட்டும் தெரியாமலா இருக்கும்?

"யாருக்கு இன்னா ஆச்சு?" என்று ஷிப்டு முடிந்து வந்த அப்பா கேட்டார்.

"கதைல ஒரு பொண்ணு செத்துப்பூட்டாளாம்," என்றாள் அம்மா.

அப்பா சைக்கிளை உள்ளே தூக்கி வைத்தார். "நம்ப ஊட்டுக்கு எத்தினி நாளு தீட்டு?" என்று கேட்டார். நான் அதற்கும் சேர்த்து அழுதேன்.

கதாநாயகிக்குப் பதினேழு வயது. ஏதோ ஒரு மலையூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். கவிதை எழுதுவாள். அவளை யாருக்கும் புரியாது. என்னையும் யாருக்கும் புரியாது என்றுதான் நான் அப்போது நம்பிக்கொண்டிருந்தேன். எனக்குக் கவிதை வராது என்பது ஒன்றுதான் வித்தியாசம். நேசித்தவன் பேசாமல் போகிறான், பரீட்சை போகிறது, வீட்டில் வசவு. கடைசி அத்தியாயத்தில் எல்லோருக்குமாக ஒரு கடிதம் எழுதி மேஜைமேல் வைத்துவிட்டு, வெள்ளைத் தாவணியில் பனிக்குள் நடந்து போகிறாள். திரும்பி வருவதில்லை. மறுநாள், அவளைத் திட்டிய அத்தனை பேரும் வரிசையாக நின்று அழுகிறார்கள்.

அந்த வரிசைதான் எனக்கு உயிர். அதைப் படிக்கும்போதெல்லாம் என்னைத் திட்டியவர்களை வரவழைத்து நிறுத்திப் பார்ப்பேன். கணக்கு டீச்சருக்கு முதல் இடம். அப்பாவைக் கொஞ்சம் தள்ளி, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கும்படி வைத்திருந்தேன். தீட்டு எத்தனை நாள் என்று கேட்டதற்காக.

அந்த வார இதழை எங்கள் வரிசையில் வாங்குவது எங்கள் வீடு மட்டும்தான். மற்ற ஐந்து வீடும் முறை வைத்துப் படிக்கும். கடைசி வீட்டிலிருந்து திரும்பியதும் அம்மா இதழின் பின்னை நெம்பி, தொடர்கதைத் தாள்களை மட்டும் உருவி டிரங்குப் பெட்டியில் போடுவாள். கதை முடிந்தால் மொத்தமாக ஆவடி மார்க்கெட்டில் பைண்டிங் செய்பவரிடம் போகும். முதுகில் காலிகோ துணி ஒட்டி, கெட்டி அட்டை போட்டுப் புத்தகமாகத் திரும்பி வரும். பிறகு மறுபடி ஆறு வீடும் முறை வைத்துப் படிக்கும்.

ஆறு வீடு சுற்றுகிற இதழில் ஏதாவது ஒரு வாரம் தொலையாமல் இருக்காது. ஒன்றை எலி தின்றிருக்கும். ஒன்று யார் வீட்டிலோ மிளகாய்த்தூள் டப்பாவுக்கு அடியில் விரித்திருக்கும். அப்படி விட்டுப்போன அத்தியாயத்தை எங்கிருந்தாவது இரவல் வாங்கி, கோடு போடாத தாளில் கையால் எழுதி, அச்சுத் தாள்களோடு சேர்த்துத் தைத்துவிடுவது வழக்கம். எல்லாப் புத்தகத்திலும் அப்படி ஓர் அத்தியாயமாவது இருக்கும். யாரும் அதை வினோதமாகப் பார்க்கமாட்டார்கள். எழுதுகிற வேலை என்னுடையது. என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று பெயர்.

ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எழுதும்போது என் கை சும்மா இருக்காது. ஒரு கதையில் பச்சைப் புடவையை மாம்பழ நிறமாக மாற்றினேன். இன்னொன்றில் எனக்குப் பிடிக்காத மாமியாருக்கு ஒரு பல்லை விழவைத்தேன். அடுத்த அத்தியாயத்தில் அச்சிலே அவள் கரும்பு கடித்தாள். ஆறு வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை.

நான்காவது வீட்டில் என்னைவிட ஒரு வயது மூத்த பெண் ஒருத்தி இருந்தாள். அந்த வருஷம் எஸ்.எஸ்.எல்.சி.யில் இரண்டாவது முறையும் தோற்றுப்போயிருந்தாள். அவர்கள் கத்தோலிக்கர்கள். அவள் தேறவேண்டும் என்று அவளுடைய அம்மா ஒன்பது வாரம் மாதா கோவிலுக்கு நடந்திருந்தாள். பரீட்சை முடியும்வரை கதைப் புத்தகம் கூடாது என்று அவளுடைய அப்பா தடை போட்டிருந்ததால், இதழ் அந்த வீட்டை மட்டும் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. ரிசல்ட் வந்ததிலிருந்து அவள் யாரோடும் பேசுவதில்லை. சாப்பாடும் சரியில்லை என்று அவள் அம்மா மூக்கைச் சிந்துவாள்.

ஒருநாள் குழாயடியில் அவளுடைய குடம் நிரம்பி வழிந்துகொண்டிருக்க, அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாளாம். "கொடம் ரொம்பிச்சி பாரு," என்றிருக்கிறாள் என் அம்மா.

"ரொம்பி இன்னா ஆவப்போவுது அத்தே," என்றிருக்கிறாள் அவள். "நான் இருந்துதான் இன்னா ஆவப்போவுது."

அம்மா அரைக் குடத்தோடு வீட்டுக்கு வந்துவிட்டாள். குழாயடிச் சண்டையில் ஒரு சொம்புத் தண்ணீரைக்கூட விட்டுக்கொடுக்காதவள் அவள். குடத்தை வைத்துவிட்டுச் சமையலறைத் தரையில் உட்கார்ந்து, கேட்டதை என்னிடம் இரண்டு தடவை சொன்னாள். அன்று சாயங்காலமே அந்தப் பெண் எங்கள் வாசலுக்கு வந்தாள்.

"அந்தக் கதைய பைண்டிங் பண்ணிட்டீங்களா? வந்தா மொதல்ல எனக்குத் தர்றீங்களா, அத்தே?"

ஒரு மாதத்தில் அவள் வாய்திறந்து கேட்ட ஒரே பொருள் அது.

"தர்றேன்மா," என்றாள் அம்மா, முகத்தில் ஒன்றும் காட்டாமல். அவள் போனதும் என் பக்கம் திரும்பினாள். "குடுக்கலன்னா ஏன்னு புரிஞ்சிப்பா. குடுத்தா படிப்பா." இந்த இரண்டையும் அடுப்பிலிருந்து அரிசி டிரம்வரை நடந்து நடந்து ஏழெட்டுத் தடவை சொன்னாள். கடைசியில் டிரங்குப் பெட்டியைத் திறந்து, முடிவு அத்தியாயத்தை மட்டும் உருவி, நான்காக மடித்து, அரிசிக்குள் புதைத்தாள்.

"இத்த எலி துன்னுட்சி."

"எந்த எலிம்மா?"

"நான்தான் எலி. நீ வேற எழுது. அந்தப் பொண்ணு சாவக்கூடாது."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. மாமியாரின் பல்லைத் தட்டிய கைதான், ஆனால் இது வேறு. அழகான முடிவு, இலக்கியம். அதைப்போய் அரிசிக்குள் புதைப்பதா? எழுதிய ஆசிரியருக்குத் தெரிந்தால் மனசு என்ன பாடுபடும் என்று கேட்டேன்.

"அந்தாளு நல்லா சாப்ட்டு தூங்கினு இருப்பாரு. நீ எழுது."

மறுநாள் மத்தியானமே எழுதினேன். ஆத்திரத்தில் எழுதினாலும் நன்றாக வரவேண்டும் என்ற ஆசை எனக்கு. காதலன் ஜீப்பில் பனியைக் கிழித்துக்கொண்டு வந்து அவளைத் தடுத்துவிடுகிறான். ஜீப் சத்தத்துக்கே ஒரு பக்கம் செலவழித்திருந்தேன். நான் வாசிக்க வாசிக்க, அம்மா சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள்.

"அவன் வரலன்னா?"

"வர்றான்மா. நான்தானே எழுதறேன்."

"நாலாவது ஊட்டுக்கு எந்த ஜீப்பு வரும்? வேணாம். யாரும் வந்து காப்பாத்தக் கூடாது. அவளாத் திரும்பணும்."

இரண்டாவது தடவை அவளாகத் திரும்பினாள். வாழ்க்கை, வானம், பூக்கள், கடவுள் என்று அவள் ஐந்து பக்கம் யோசித்துவிட்டுத் திரும்பினாள். பெஞ்சில் படுத்திருந்த அப்பா எழுந்து உட்கார்ந்தார். "இத்தக் கேக்கறதுக்கு எனக்கு டபுள் ஷிப்டே தேவலாம்," என்று சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அந்தத் தாள்கள் அடுப்புக்குப் போயின.

மூன்றாவது நாள் அம்மா திடீரென்று கேட்டாள். "காலைலேர்ந்து அந்தப் பொண்ணு இன்னா சாப்ட்டா?"

முந்தைய அத்தியாயங்களை எடுத்துப் பார்த்தேன். ஆசிரியர் அவளுக்கு நான்கு அத்தியாயமாக ஒன்றும் கொடுக்கவில்லை. ஓர் இடத்தில் மட்டும் ஒரு காபி வந்தது. அதையும் அவள் ஆறவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதான் பாரு. நாலு வாரமா வயித்துக்கு ஒண்ணும் போடாத நடக்க வுட்டுகீறான்," என்றாள் அம்மா. ஆசிரியருக்குக் கொடுத்திருந்த 'அவரு' அந்த நிமிஷமே பறிபோனது. "ஒரு சுண்டல்காரனக் கொண்டா."

"மலைம்மா அது. பனி. அங்க ஏது சுண்டல்?"

"ஏன், அவனும் பொழைக்கணும் இல்ல? குளுர்ல சூடாக் குடுத்தா யாராச்சும் வேணாம்பாங்களா?"

பேனாவை எடுத்தேன். அடர்ந்த பனிக்குள்ளிருந்து ஓர் அரிக்கேன் விளக்கும் அதன் பின்னால் ஒரு சுண்டல்காரரும் வந்தார்கள். "தேங்கா போட்டதா, போடாததா பாப்பா?" என்று அவர் கேட்கிறார். கட்டித்தரக் காகிதம் தீர்ந்துவிட்டது. மூலக்கதையில் மேஜைமேல் இருந்த கடிதத்தை நான் அவள் கையிலேயே மறந்து வைத்திருந்தேன். சுண்டல்காரர் அதை வாங்கிப் பொட்டலமாகச் சுருட்டிவிடுகிறார். அவள் தின்றுமுடிக்கும்போது கடிதம் பூராவும் எண்ணெய். ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை. வேறு கடிதம் எழுத விடுதிக்குத் திரும்புகிறாள். வயிறு நிறைந்திருந்ததால் தூக்கம் வருகிறது. தூங்கிவிடுகிறாள். முற்றும்.

பைண்டிங் செய்பவர் தைக்கிற எல்லாவற்றையும் படிப்பவர். என் தாள்களைப் புரட்டிவிட்டு மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"இன்னாமா இது, பொண்ணு உயிரோட கீது?"

"உனக்கு இன்னா நஷ்டம்?" என்றாள் அம்மா.

அவர் கொஞ்சம் யோசித்தார். "எனக்கு ஒண்ணுமில்ல," என்று ஊசியில் நூலைக் கோத்தார்.

புத்தகம் நான்காவது வீட்டுக்குப் போனதிலிருந்து அம்மாவுக்கு நிலைகொள்ளவில்லை. சல்லடை இரவல் வாங்கிவா என்றாள். சல்லடையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வா என்றாள். மணி என்ன என்று கேட்டுவரச் சொன்னாள். எங்கள் வீட்டுக் கடிகாரம் என் தலைக்குமேல் ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் அந்தப் பெண் ஜன்னலடியில் சம்மணம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் நான் கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது அவள் புத்தகத்தோடு வந்து நின்றாள்.

"கடைசி அத்தியாயம் நீ எழுதினதுதானே?"

"இல்ல. எலி வந்து..."

"மலைமேல சுண்டலு."

"அவனும் பொழைக்கணும் இல்ல," என்றேன்.

அவள் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தாள். "நான் இத்த முன்னாடியே படிச்சிட்டேன்டி. பட்டாபிராம்ல எங்க சித்தி ஊட்ல. கடைசி அத்தியாயத்த மட்டும் பத்து வாட்டி படிச்சிருப்பேன். அத்த மறுபடியும் படிக்கணும்னுதான் உங்கம்மாகிட்ட கேட்டேன்."

"எந்த எடம் புடிக்கும்?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"எல்லாரும் வரிசையா நின்னு அழுவாங்களே, அந்த எடம்."

எனக்கு அப்போதுதான் பயம் வந்தது. நிஜமான பயம். நான் கணக்கு டீச்சரை நிறுத்தி விளையாடிக்கொண்டிருந்த அதே வரிசையில் இவளும் ஆட்களை நிறுத்தியிருக்கிறாள். இவள் விளையாடவில்லை.

"அந்த எடத்துக்காக ரெண்டு நாளா படிச்சிகினே வர்றேன்," என்றாள். "வந்து பாத்தா சுண்டலு. கோவமா வந்துச்சு. கிழிச்சிப் போட்டுடலாம்னு பாத்தேன்." சொல்லும்போதே சிரித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்து அழுகையாகிவிட்டது. ரிசல்ட் வந்த நாளிலிருந்து அவள் அழவே இல்லை என்று அவள் அம்மா பிறகு சொன்னாள். ஈரத் துணியை எடுத்துக் கொடுத்தேன். அது அப்பாவின் பனியன் என்பதை இருவருமே கவனிக்கவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"தேங்கா போட்டதா போடாததான்னு கேட்டானே, அவ எதுன்னு சொன்னான்னு நீ எழுதவே இல்லியே."

உண்மை. விட்டுவிட்டிருந்தேன்.

"போட்டதுதான்," என்றேன்.

"மறுநாள் காலைல இன்னா பண்ணா?"

"அதான் முற்றும் போட்டாச்சே."

"நீ போட்டா? அவ எழுந்துக்க மாட்டாளா?"

அவளை அங்கேயே உட்காரவைத்துவிட்டு உள்ளே ஓடி அம்மாவிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து அவள் பக்கத்தில், ஈரத் தரையில் உட்கார்ந்தாள். சுற்றி வளைக்கவில்லை.

"சாவணும்னு தோணுதாடி கண்ணு?"

"தோணுது அத்தே," என்றாள் அவள்.

"எப்ப தோணுனாலும் எங்க ஊட்டுக் கதவத் தட்டு. நான் சமைச்சிகினு இருந்தாலும் சரி, குளிச்சிகினு இருந்தாலும் சரி." பிறகு அவளுடைய கையை விடாமலேயே நான்காவது வீட்டுக்குப் போனாள். அவள் அம்மாவிடமும் அப்பாவிடமும் ஒளிக்காமல் பேசினாள். அவள் அப்பா பரீட்சை என்ற சொல்லை எடுத்தபோது, என் அம்மா அவரைப் பார்த்த பார்வையில் அவர் அதை அப்படியே கீழே வைத்துவிட்டாராம்.

நான் கதாநாயகியின் மறுநாள் காலையை எழுதவேண்டியதாயிற்று. அதற்கடுத்த நாளையும். வியாழக்கிழமை தோறும் சாயங்காலம் அவள் வந்து உட்கார்ந்துவிடுவாள். அப்படி ஒரு கறாரான வாசகியை நான் பிறகு கண்டதில்லை. கதாநாயகியை ஒரே வாரத்தில் பாஸ் பண்ணவைத்தேன். "பொய் சொல்லாத" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தாள். மாப்பிள்ளை பார்த்தேன், "அறைஞ்சிடுவேன்" என்றாள். கதாநாயகிக்குப் பல்வலி வரலாம், விடுதிக் காப்பாளரோடு சண்டை வரலாம். நல்லது மட்டும் மெதுவாகத்தான் வரவேண்டும். அம்மாவுக்கு வேறு நிபந்தனை: அத்தியாயத்துக்கு ஒருவேளைச் சாப்பாடு. ஆறாவது அத்தியாயத்தில் கதாநாயகி பெருத்துப்போய், ரவிக்கையைப் பிரித்துத் தைப்பதற்கே முழு அத்தியாயமும் போய்விட்டது. கவிதைக்கு இடமில்லை. சுண்டல்காரரின் மகளுக்குக் காது குத்தினார்கள். அப்பாவே ஒருநாள் மெதுவாக, "அந்தக் காது குத்துக்கு யாரெல்லாம் வந்தாங்க?" என்று கேட்டார்.

அச்சுக் கதை பிறகு புத்தகமாக வந்தது. வேலைக்குப் போனபின் வாங்கினேன். கடைசி அத்தியாயத்தில் மறுபடி அழுதேன். அழுததற்காக எனக்கு என்மேலேயே ஆத்திரம் வந்தது. நன்றாகத்தான் எழுதியிருக்கிறார். கோபமே அதனால்தான். மோசமாக எழுதியிருந்தால் தூக்கி எறிந்திருப்பேன். அந்த அழுகிற வரிசையை அவ்வளவு அழகாக நிறுத்தியவர், அதைப் பார்க்க அவள் அங்கே இல்லை என்பதை ஒரு வரியில்கூடச் சொல்லவில்லை. இதை ஒருமுறை நான்காவது வீட்டுப் பெண்ணிடம் சொல்லிப் பொரிந்து தள்ளினேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "அந்தக் கதையப் படிக்கலன்னா எனக்கு இன்னா ஆவுதுன்னே எனக்குத் தெரிஞ்சிருக்காதுடி," என்றாள். இரண்டும் உண்மை. அந்தப் புத்தகத்தை அலமாரியில் வைக்கவும் மனமில்லை, கடையில் போடவும் மனமில்லை. வீடு மாறும்போதெல்லாம் கூடவே வருகிறது.

எட்டாவது அத்தியாயம் எழுதிக்கொண்டிருந்தபோது அவளுக்கு அம்பத்தூர் எஸ்டேட் தொழிற்சாலை ஒன்றில் வேலை கிடைத்தது. மின்சார சாமான்களுக்குள் வைக்கிற சின்னச் சின்ன உதிரிகளைப் பூட்டும் வேலை. ரயிலில் போய் வந்தாள். களைப்போடு வந்தாலும் வியாழக்கிழமை தவறவில்லை.

பதினோராவது வியாழக்கிழமை அவள் வரவில்லை.

ஆறு மணி ஆயிற்று. அம்மா கடிகாரத்தைப் பார்த்தாள். ஆறரை ஆயிற்று. நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் எழுந்தோம். பக்கத்து வீட்டுக்குத்தான், பத்தடி தூரம், ஆனால் ஓடினோம். அத்தியாயம் என் கையிலேயே இருந்தது. அவளுடைய அம்மா வாசலில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"கூட வேல செய்ற பொண்ணுங்களோட சினிமாவுக்குப் போயிகீறா," என்றாள். "உங்ககிட்ட சொல்லலியா?"

அம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டுக் குடித்தாள். குடித்துமுடித்ததும், ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகத் தெரியாதா, இந்தக் காலத்துப் பெண்களுக்குக் கொழுப்பு அதிகம் என்று வாய்க்கு வந்தபடி திட்டினாள். அவளை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை.

மறுநாள் காலை அவள் ரயிலைப் பிடிக்க ஓடிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து, "சாயங்காலம் வர்றேன்டி," என்று கையை ஆட்டினாள். வரவில்லை. அடுத்த வாரம் ஓவர்டைம் என்றாள். அதற்கடுத்த வாரம் காரணம் சொல்லக்கூட நினைவில்லை. எழுதியவளுக்கு வலிக்கத்தான் செய்தது. இரண்டு நாள் அவளோடு பேசாமல் முறுக்கிக்கொண்டு திரிந்தேன். அதையும் அவள் கவனிக்கவில்லை.

போன வாரம்கூட போனில் ஒரு மணி நேரம் பேசினாள். முழங்கால் வலி, பேரனின் சேட்டை, மாவரைக்கிற மெஷின் பழுது. அந்தப் பதினோராவது அத்தியாயத்தில் என்ன நடந்தது என்று அவள் இன்றுவரை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அவள் அதைச் சுத்தமாக மறந்துவிட்டாள்; நான் எழுதியதற்கு அதைவிடப் பெரிய பாராட்டு பிறகு ஒருவரிடமிருந்தும் எனக்குக் கிடைத்ததில்லை.